சி ப்ளஸ் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் இங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் செமஸ்டரில் சி ப்ளஸ் வாங்கிவிட்டாள். இப்போது 60 கிரெடிட் முடிந்து ஜிபிஏ (எல்லாக் கிரேடுகளின் சராசரி) 3.4. "திரும்ப எடுத்து ஏ வாங்கினால் பழைய மார்க் போய்விடும். ஊரில் இம்ப்ரூவ்மென்ட் எழுதி மெடிக்கல் போனவர்கள் இல்லையா?" என்கிறார் என் கணவர். அவளோ எங்களிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நியூ ஜெர்ஸி

பதில்: அன்புச் சகோதரி, திரும்ப எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

உங்கள் கணவர் சொல்லும் இம்ப்ரூவ்மென்ட் கணக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் செல்லாது. சில கல்லூரிகள் தங்கள் மதிப்பெண் பட்டியலில் பழைய கிரேடைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது உண்மைதான். ஆனால் எம்.டி. (இங்கே டாக்டராவதற்கான வழக்கமான பட்டம்) படிப்புக்கான ஆம்காஸ் பொது விண்ணப்பத்தில் இரண்டு முறை வாங்கியதும் சேர்த்தே கணக்கிடப்படும். டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பத்தில் முன்பு புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2017-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பழைய கிரேடு உண்மையிலேயே மறைந்து, அந்தப் பாடத்தின் நாலு கிரெடிட்டில் ஏ வந்தால் ஜிபிஏ 3.51 ஆகும். உங்கள் கணவர் மனத்தில் இருப்பது இந்த எண். இரண்டையும் சேர்த்தால் வருவது 3.44. அதே நாலு கிரெடிட்டை ஒரு புதிய அறிவியல் பாடத்தில் எடுத்து ஏ வாங்கினாலும் அதே 3.44தான்! அப்புறம் எதற்காக ஒரு செமஸ்டரையும் கட்டணத்தையும் பழைய பாடத்துக்கே கொடுக்க வேண்டும்? அவள் இரண்டாம் செமஸ்டர் ஆர்கானிக்கையும், அடுத்து பயோகெமிஸ்ட்ரியையும் நன்றாகச் செய்யட்டும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் பயோகெமிஸ்ட்ரிக்கு நிறைய இடம் உண்டு. சேர்க்கைக் குழுவும் கிரேடு போகப்போக ஏறுகிறதா என்று பார்க்கும்.

வாங்கியது சி மைனஸோ டி-யோ என்றால் என் பதில் வேறு. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கட்டாயப் பாடங்களில் குறைந்தது சி கேட்கின்றன. அப்போது திரும்ப எடுத்தே ஆக வேண்டும். கோடையில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்தால் வெளியே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்தாக வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அந்த சி ப்ளஸ் எப்படி வந்தது என்று அவளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆர்கானிக்கில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பது பிடிபடாமல், வினைகளை மனப்பாடம் செய்தே ஓட்டுகிற பிள்ளைகள் நிறைய. அப்படியானால் இரண்டாம் செமஸ்டர் இன்னும் கஷ்டப்படுத்தும். பழைய தேர்வுத்தாள்களை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் ஆபீஸ் நேரத்தில் போய்க் கேட்கட்டும். கல்லூரியில் மருத்துவ விண்ணப்பங்களுக்கென்றே ஆலோசகர் இருப்பார், பாடங்களைப் பதிவு செய்யும் முன் அவரையும் பார்க்கட்டும்.

அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த 3.44 கணக்கை முதலில் உங்கள் கணவரிடம் காட்டுங்கள். அவர் சமாதானமான பிறகு, ஒரு வாரம் வீட்டில் யாரும் கிரேடைப் பற்றி வாயெடுக்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் கல்லூரியிலேயே இருக்கும் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள், கெமிஸ்ட்ரி அதற்கு அப்புறம்.