கையில் 20,000 வெள்ளி, கண் லெலோங் வீட்டின் மேல்

கேள்வி: செந்தூலில் இருக்கிறேன். 20,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். லெலோங்கில் (ஏலத்தில்) இரண்டு லட்சம் வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு வருகிறது. 10 விழுக்காடு கட்டினால் மீதியை வங்கி தரும் என்கிறார் ஏஜெண்ட். எடுத்து வாடகைக்கு விடலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: இந்த வீட்டை விட்டுவிடுங்கள். உங்கள் சேமிப்பு முழுவதும் டெப்பாசிட்டாகக் கட்டும் அந்த 10 விழுக்காட்டு வங்கி டிராப்டிலேயே கரைந்துவிடும். அதற்கு மேல் பெயர் மாற்ற முத்திரை வரி 3,000. கடன் 180,000 என்றால் அதற்கு அரை விழுக்காடு, 900. வழக்கறிஞர் கட்டணம் வீட்டு விலை, கடன் இரண்டுக்கும் 1.25 விழுக்காடு வீதம் 4,750. ஆக இன்னும் 8,650 வேண்டும். ஏலம் 210,000க்கு ஏறினால் கூடுதல் டெப்பாசிட் 1,000 அங்கேயே கட்ட வேண்டும்.

ஏஜெண்டுகள் சொல்லாமல் விடுவது இன்னொன்று: வங்கி வீட்டைக் குறைத்து மதிப்பிட்டால் கடனும் குறையும். நில அலுவலக ஏலத்தில் 120 நாளில் முழுப் பணமும் கட்டியாக வேண்டும், நீட்டிப்பே கிடையாது. தவறினால் டெப்பாசிட் போனதுதான்.

எந்த வீடானாலும் ஏல அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். பூமிபுத்ரா லாட் (மலாய்க்காரர், பூர்வகுடியினருக்கு ஒதுக்கியது), மலாய் ரிசர்வ் நிலம் (மலாய்க்காரருக்கு மட்டும் ஒதுக்கியது) என்றிருந்தால் நம்மால் வாங்க முடியாது. லீஸ்ஹோல்டு (குத்தகைக் கால நிலம்) என்றால் மாநில அரசின் அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகலாம். பராமரிப்புக் கட்டண பாக்கி யார் தலையில் விழும் என்றும் பாருங்கள். பாக்கி எவ்வளவு என்று நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். நேரில் போய் அந்த வீட்டின் மின்சார மீட்டரைக் கவனியுங்கள். ஓடினால் உள்ளே ஆள் இருக்கிறார். ஏலத்தோடு சாவி வராது. அவரை வெளியேற்றும் செலவு உங்களுடையது.

உங்கள் கைக்கு ஒரு லட்சம் வெள்ளி வீடுதான் தாங்கும். டெப்பாசிட், வரி, வழக்கறிஞர் எல்லாம் சேர்த்து 13,825. மிச்சம் 6,175 குழாய், சாயம், ஆள் வராத மாதங்களின் தவணை என்று போகும். அவ்வளவு சின்னக் கடனுக்குச் சில வங்கிகள் தயங்கும் என்பதால் ஏலத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதற்கும் முன் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கடந்த 12 மாதங்களில் மோட்டார் சைக்கிள் தவணை பிந்தியிருந்தால்கூட அதில் தெரியும்.

கேள்வி: மாதம் 200 வெள்ளிதான் ஒதுக்க முடியும். எனக்கு வழி உண்டா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உண்டு, ரீட். கட்டடங்களை வைத்து, வரும் வாடகையைப் பிரித்துத் தரும் நிதியம் அது. மிட் வேலி மெகாமால் ஐஜிபி ரீட்டுக்குச் சொந்தம். விலை இறங்கவும் செய்யும், அவசரப் பணத்தைப் போடாதீர்கள். சிடிஎஸ் கணக்கு (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) திறந்தால் புர்சா மலேசியா பங்குச் சந்தையில் 100 யூனிட்டிலிருந்து வாங்கலாம். மாதாமாதம் வாங்க வேண்டாம். தரகரின் குறைந்தபட்சக் கட்டணம் 8 வெள்ளி என்று வையுங்கள்: 200 வெள்ளிக்கு வாங்கினால் 4 விழுக்காடு அதிலேயே போய்விடும், ஐந்து மாதம் சேர்த்து 1,000க்கு வாங்கினால் 0.8 தான்.