அப்பாவின் தொண்டை டியூபை மாற்றப் புதுக் கருவியாம், கையெழுத்துப் போடலாமா?

அப்பா புதுச்சேரியில் ஐ.சி.யு.வில் இருக்கிறார், டிரக்கியாஸ்டமி டியூப் (கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாய்க்குள் வைக்கிற டியூப்) மாற்றும்போது புதுக் கருவி ஒன்றைச் சோதித்துப் பார்க்கச் சம்மதம் கேட்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் டைப் பண்ணியிருப்பீர்கள், வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் குழப்பியிருப்பார்கள். நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கீழே கமென்டில் வந்து "நர்ஸுக்கு என்ன தெரியும்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் வந்து ஐ.சி.யு.வில் வேலை பார்த்தவள்.

பயப்பட வேண்டியது கருவிக்கு இல்லை. பழைய டியூபை எடுத்ததற்கும் புதியது உள்ளே போவதற்கும் இடையில் இருக்கும் சில வினாடிகளுக்குத்தான். ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகாத துளை என்றால் வழி இன்னும் உறுதிப்பட்டிருக்காது, டியூபை எடுத்ததும் சதை மூடிக்கொள்ளும். அவசரத்தில் தள்ளினால் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் அதற்கு முன்னால் இருக்கிற சதைக்குள் புகுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சரியாக நிற்கிற மாதிரியே இருக்கும், அம்பு பேக்கை, அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பையை, அமுக்கினால் கழுத்து உப்பும். இதற்காகத்தான் சக்ஷன் கத்தீட்டரையோ (சளி உறிஞ்சுகிற மெல்லிய குழாய்) பூஜியையோ (வளைகிற வழிகாட்டிக் கம்பி) உள்ளே விட்டு, அதன் மேலேயே பழையதை உருவி, அதன் மேலேயே புதியதை இறக்குகிறோம். இது ரொம்ப காலமாக இருக்கிற வழி.

எங்கள் ஆஸ்பத்திரிக்கும் ஒருமுறை இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள், ஒரு இ.என்.டி. டாக்டரோடு சேர்ந்து கருவி செய்து கொண்டுவந்தார்கள். உள்ளே துளை உள்ள வழிகாட்டிக் கம்பி, மாற்றும்போதே அதன் வழியாக ஆக்சிஜன் போகும். நல்ல யோசனை, குறை சொல்லவில்லை. பொம்மைக் கழுத்தில் வைத்து அழகாக மாற்றிக் காட்டினார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும், "சார், பொம்மை இருமாதே" என்றேன். உள்ளே ஒரு கம்பி போனால் ஆள் தூக்கிப்போடுகிற மாதிரி இருமுவார், சளி தெறிக்கும், கை வழுக்கும். ஒரு பையனை விட்டு பொம்மையை உலுக்கச் சொல்லி, கிளவுஸில் ஜெல்லியை அப்பிக்கொண்டு நானே மாற்றிப் பார்த்தேன். பழைய டியூபோடு கம்பியும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது! கம்பி நீளம் போதவில்லை. கழுத்துக்கு வெளியே நிற்கிற பகுதி டியூபைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டியூப் தோலை விட்டு வருவதற்குள் கம்பியின் நுனி அதற்குள்ளேயே மறைந்துவிடும், பிடிக்க இடமே இருக்காது. அடுத்த முறை நீளமாகச் செய்து கொண்டுவந்தார்கள், அது சரியாக இருந்தது. பின்னால் அதைப் பற்றி ஆய்வுப் போஸ்டர் போட்டபோது சிஸ்டர்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை. போகட்டும்.

இந்தச் சோதனையெல்லாம் டியூட்டி முடிந்த பிறகுதான். டாக்டர்களுக்குக் கார், எங்களுக்கு ராத்திரி கடலூர் பஸ். கன்னியக்கோயில், முள்ளோடை பக்கம் வந்தால் குடித்துவிட்டு ஏறுகிற கூட்டம், மேலே வந்து சாய்வான், கண்டக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வேன் விடுங்கள் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தோம், பதிலே வரவில்லை. நர்ஸ் பற்றாக்குறை என்று மட்டும் விளம்பரம் போடுவார்கள்.

சரி, உங்கள் விஷயம். கையெழுத்துப் போடலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு. ஆய்வு விவரத்தைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். நெறிமுறைக் குழு (நோயாளிக்கு நியாயமான ஆய்வுதானா என்று பார்க்கிற குழு) அனுமதி, மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண் இரண்டையும் கேளுங்கள், அந்த எண்ணை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். வேண்டாம் என்று சொன்னாலும், நடுவில் விலகினாலும் சிகிச்சை குறையக் கூடாது, அது உங்கள் உரிமை. எல்லாவற்றையும்விட முக்கியம், கருவி கைவிட்டால் கட்டில் பக்கத்தில் என்ன தயாராக இருக்கும் என்று கேளுங்கள்: அதே சைஸ் டியூப் ஒன்று, ஒரு சைஸ் சின்னது ஒன்று, ஓடுகிற சக்ஷன், அம்பு பேக், வாய் வழியாக டியூப் போடத் தெரிந்த டாக்டர், வெளிவிடுகிற மூச்சில் கார்பன் டை ஆக்சைடு வருகிறதா என்று காட்டுகிற மானிட்டர். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் மட்டும் போதாது, டியூப் தப்பான இடத்துக்குப் போனால் அதில் நம்பர் இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும். இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் கருவி புதுசோ பழசோ, அங்கே வேண்டாம். டாக்டர்களுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று, மாற்றுகிற நாளில் மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிற ஃபீடை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வார்டில் ஒரு அத்தை பாசத்தில் யாருக்கும் தெரியாமல் கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றிவிட்டார், வயிறு நிறைந்திருந்ததால் அன்றைக்கு மாற்றவே இல்லை.