வளைக்குள் ஃபெரட், வெளியே லர்ச்சர்: முயல் வேட்டைக் கேள்வி பதில்

ஃபெரட் என்பது கீரி போல நீண்ட உடல் கொண்ட சிறு வளர்ப்புப் பிராணி. அதை முயல் வளைக்குள் விட்டால், உள்ளே இருக்கும் முயல் வெளியே ஓடி வந்து வலையிலோ, காத்திருக்கும் லர்ச்சர் நாயிடமோ சிக்கும். இங்கிலாந்தில் இலை உதிர்ந்து முட்புதர்கள் வாடத் தொடங்கினால் ஃபெரட் வைத்திருப்பவர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை அவர்களுடைய காலம். வளை வாய்கள் கண்ணுக்குத் தெரியும், வளைக்குள் குட்டிகளும் குறைவாக இருக்கும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வேட்டையைவிட வளர்ப்பைப் பற்றியே கேட்கின்றன. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நார்ஃபோக்கில் இருக்கிறோம். பக்கத்துப் பண்ணையில் முயல் பிடிக்க அனுமதி தந்திருக்கிறார்கள். முதல் லர்ச்சராக எதை வாங்கலாம்? கிரேஹவுண்ட் ரத்தம் கூடுதலாக இருந்தால்தான் வேகம் என்கிறார்களே?

லர்ச்சர் தனி இனம் கிடையாது. கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி மாதிரி கண்ணால் பார்த்துத் துரத்தும் ஓட்ட நாயோடு கோலி, டெரியர் போன்ற வேலை நாயைச் சேர்த்தால் பிறப்பது. எதோடு எது சேர்ந்தது என்பதைப் பொறுத்து நாயின் குணமே மாறிவிடும்.

முயல் தன் வளையை விட்டு வெகுதூரம் மேயப் போகாது. அதனால் பகலில் நாய்க்குக் கிடைப்பது மிகக் குறுகிய ஓட்டம். அதற்குள் உச்ச வேகத்தை எட்டும் பெரிய நாய்க்கு, முயல் சட்டென்று திரும்பும்போது கூடவே திரும்ப முடியாது. நின்ற இடத்திலிருந்து பாய்கிற வேகமும், திரும்புகிற லாவகமும்தான் இங்கே தேவை. எனவே விப்பெட்டும் பெட்லிங்டன் டெரியரும் சேர்ந்த கலப்பைத்தான் சொல்வேன். தோள் உயரம் 18 முதல் 21 அங்குலம் போதும். பெட்லிங்டன் பக்கத்திலிருந்து மோப்பமும், முள்ளைத் தாங்குகிற முரட்டு ரோமமும் வரும். ஆனால் அந்த இனத்தில் கல்லீரலில் தாமிரம் சேரும் பரம்பரை நோய் உண்டு. அதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. தாய் தகப்பனுக்குச் சோதித்தார்களா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் குட்டி வாங்க வேண்டாம்.

ஃபெரட்டோடு வேலை செய்யும் லர்ச்சரிடம் நான் ஓட்டத்தைவிட அதிகம் மதிப்பது ஒன்று உண்டு. எந்த வளையில் முயல் இருக்கிறது என்று மோந்து பார்த்து, அதன் வாயில் அசையாமல் நின்று காட்டுவது. அப்படிக் காட்டத் தெரிந்த நாய் இருந்தால் காலி வளைகளில் வலை விரித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. இதைக் கட்டளை போட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது. குட்டியாக இருக்கும்போதே கூட அழைத்துப் போய், முயல் உள்ள வளையையும் இல்லாத வளையையும் அது தானே மோந்து பழக வேண்டும்.

ஒரு வயது ஆகும்வரை முயல் பின்னால் ஓட விடாதீர்கள். எலும்பு முற்றியிருக்காது. தோற்றுத் தோற்று மனமும் விட்டுப்போகும். அந்த ஒரு வருடத்தில் கூப்பிட்டால் வருவதையும், பிடித்ததைக் கையில் கொண்டுவந்து கொடுப்பதையும் பழக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆட்டு மந்தை நடுவே கயிறு இல்லாமல் நடந்தாலும் நாய் ஆட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆடுகளைத் துரத்தும் நாயை விவசாயி சுட்டுவிட்டால், வேறு வழியில்லை என்கிற நிலையில் 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும்.

என் பெண் ஃபெரட் ஏப்ரலில் பருவத்துக்கு வந்தது. பிறப்புறுப்பின் வீக்கம் இன்னும் வற்றவில்லை. குட்டி போட வைக்க விருப்பமில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இந்தப் பதிலை மட்டுமாவது எல்லாரும் முழுதாகப் படியுங்கள்.

பெண் நாய் சில வாரங்களில் தானாகப் பருவம் தணிந்துவிடும். ஃபெரட்டுக்கு உடலமைப்பு வேறு. இணை சேர்ந்தால்தான் கருமுட்டை வெளியேறும். சேராவிட்டால் பகல் நீளமாக இருக்கிற மாதங்கள் முழுக்கப் பருவத்திலேயே நிற்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறியே இருக்கும். அது எலும்பு மஜ்ஜையை முடக்கி, ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். ஈறு வெளுக்கும், ரோமம் கொட்டும், பின்னங்கால் தளரும். அந்தக் கட்டத்தில் கொண்டுபோனால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

வழிகள் பல உண்டு. வசந்தத்தில் கால்நடை மருத்துவர் போடும் ஹார்மோன் ஊசி பலரும் நம்புவது. டெஸ்லோரலின் என்ற மருந்தைச் சிறு குச்சி போலத் தோலுக்கு அடியில் வைக்கலாம். அது ஊசியைவிட நீண்ட காலம் நிற்கும். நாலைந்து பெண் வைத்திருப்பவர்கள் விந்துக்குழாய் வெட்டிய ஆண் ஒன்றை வைத்துக்கொள்வார்கள். அது சேர்ந்தால் பருவம் தணியும், குட்டி வராது. ஆனால் ஆறு வாரம் பொய்ச்சினையாக இருந்துவிட்டு மறுபடி பருவம் வரலாம், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சினைப்பையை எடுக்கும் அறுவையும் உண்டு. அறுவைக்குப் பின் பல ஃபெரட்டுகளுக்கு அட்ரினல் சுரப்பி நோய் வருவதால் இன்று நிறைய மருத்துவர்கள் டெஸ்லோரலினைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

நீங்கள் இந்த வாரமே போங்கள். ஊசி போடும் முன் ரத்தச்சோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரொட்டியும் பாலும் கொடுத்தே தாத்தா காலத்தில் ஃபெரட் வளர்த்தார்களாம். நாமும் கொடுக்கலாமா?

வேண்டாம். வளர்த்தார்கள் என்பது உண்மைதான், அந்த ஃபெரட்டுகள் கழிச்சலோடும் மெலிந்தும் கிடந்தன என்பதும் உண்மை. ஃபெரட் முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. குடல் மிகக் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நல்ல உணவு என்றால் தோல், எலும்பு, ஈரலோடு முழு முயல்தான். கோழிக்குஞ்சு, காடை கொடுக்கலாம், ஆனால் குஞ்சை மட்டுமே கொடுத்து வளர்க்காதீர்கள். வேலையில்லாத கோடையில் ஃபெரட்டுக்கென்றே விற்கும் உலர் தீனியும் சரி. மிச்சத்தைப் படுக்கைக்குள் பதுக்கிவைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. வெயில் காலத்தில் தினமும் தேடி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

பட்டினி போட்டால் நன்றாக வேட்டையாடும் என்று இன்னும் சொல்கிறார்கள். பசித்த ஃபெரட் முயலை வெளியே விரட்டாது. உள்ளேயே கொன்று தின்றுவிட்டு அங்கேயே தூங்கும். முந்தின இரவு வழக்கம்போல் போடுங்கள், காலையில் கொஞ்சம் கொடுங்கள், போதும்.

உள்ளே போன ஃபெரட் மணிக்கணக்கில் வெளியே வரவில்லை. என்ன செய்ய வேண்டும்?

முதலில், கழுத்தில் ட்ரான்ஸ்மிட்டர் பட்டை கட்டாமல் ஃபெரட்டை வளைக்குள் விடாதீர்கள். மேலே ரிசீவரை வைத்துத் தேடினால் ஃபெரட் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் பேட்டரி வேலை செய்கிறதா என்று கையில் வைத்துச் சோதித்த பிறகுதான் விட வேண்டும்.

சிக்னல் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் முட்டுச்சந்தில் முயலை மடக்கியிருக்கிறது அல்லது கொன்றுவிட்டது என்று பொருள். கொஞ்ச நேரம் பொறுங்கள். அப்புறம் நேர் மேலே சதுரமாகத் தோண்டுங்கள். கடைசி அரையடியை மண்வெட்டியால் தொடக் கூடாது, கையால்தான் மண்ணை அள்ள வேண்டும். மண்வெட்டி முனையில் ஃபெரட் இறந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. எடுத்த பிறகு குழியை மூடி மிதித்துவிடுங்கள். அந்தக் குழியில் மாடு கால் விட்டு ஒடித்துக்கொண்டால் அடுத்த வருடம் உங்களுக்கு அனுமதி கிடையாது.

பட்டை இல்லாமல் விட்டுத் தொலைத்திருந்தால், இருட்டும்போது மற்ற வாய்களை அடைத்துவிட்டு ஒரு வாயில் அதன் பெட்டியை வையுங்கள். வைக்கோலும் கொஞ்சம் இறைச்சியும் உள்ளே இருக்கட்டும். விடியும் முன் போய்ப் பாருங்கள். பல நேரம் பெட்டிக்குள் சுருண்டு தூங்கும்.

இந்தத் தொல்லையைக் குறைப்பது வலை விரிக்கும் விதத்திலும் இருக்கிறது. மேலே ஆள் நடமாட்டம் அதிர்ந்தால் முயல் வெளியே வர மறுக்கும், ஃபெரட் அதை உள்ளேயே மடக்கிவிடும். பேசாமல், காற்று உங்களிடமிருந்து வளைப் பக்கம் வீசாதபடி போய், எல்லா வாய்களிலும் சுருக்கு வலை போட்டு முளையை இறுக்கமாக அடியுங்கள். புதருக்குள் ஒளிந்திருக்கும் சின்ன வாய்தான் முயல் தப்பிக்கிற வழி, அதை மறக்காதீர்கள். வலையில் விழுந்த முயலை உடனே கழுத்தை முறித்து வேதனையில்லாமல் முடிக்க வேண்டும். இதைத் தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளும் வரை நீங்கள் தனியாகப் போகாமல் இருப்பது நல்லது. கிளம்பும் முன் வலைகளை எண்ணுங்கள். மறந்துவிட்டுப் போன ஒரு வலையில் இரவில் முயலோ வேறு பிராணியோ மாட்டித் துடிக்கும்.

என் டெரியர் வளைக்குள் நுழையத் துடிக்கிறது. விடலாமா?

முயல் வேட்டையில் டெரியருக்கு வேலை மண்ணுக்கு மேலே. ஜாக் ரஸ்ஸல், பார்டர், லேக்லேண்ட் எதுவாக இருந்தாலும் முட்புதருக்குள் புகுந்து, அங்கே படுத்திருக்கும் முயலை வெளியே கிளப்புவது. வெளியே லர்ச்சர் காத்திருக்கும். இரண்டும் பழகிவிட்டால் பார்க்கவே அத்தனை அழகாக இருக்கும்.

வளைக்குள் விட வேண்டாம். டெரியர் சிக்கிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பேட்ஜர் என்ற வளை தோண்டும் பிராணி குடியிருக்கும் பொந்தில் முயலும் சேர்ந்து வாழ்வதுண்டு. பேட்ஜர் பொந்துக்குள் நாயை விடுவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சிறை வரை போகும். வாய் அகலமாக, வெளியே பெரிய மண்மேடும் பழைய புல் படுக்கையும் கிடந்தால் ஃபெரட்டையும் விடாமல் நகர்ந்துவிடுங்கள்.

நாய் வைத்து வேட்டையாடுவதே தடை என்கிறார்கள். முயலுக்கு மட்டும் எப்படி?

2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கிறது. அதில் எலிக்கும் முயலுக்கும் விலக்கு உண்டு. நிலம் உங்களுடையதாகவோ, நிலத்தை வைத்திருப்பவர் அனுமதி தந்ததாகவோ இருக்க வேண்டும். அனுமதியை எழுத்தில் வாங்கிப் பையில் வைத்திருங்கள். ராத்திரி விளக்கோடு வயலில் நிற்கும் ஆளைக் காவலர் கேட்கத்தான் செய்வார். உண்மையில் அங்கே முயல் பெருகிப் பக்கத்து நிலத்துப் பயிரை அழிக்காமல் பார்த்துக்கொள்வது நிலம் வைத்திருப்பவரின் கடமை என்றே 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால் ஒழுங்காகக் கேட்பவருக்குப் பண்ணைக்காரர்கள் எளிதில் மறுப்பதில்லை.

இந்த விலக்கு ஹேர் எனப்படும் பெரிய காட்டு முயலுக்குக் கிடையாது. நாயை ஹேர் மீது ஏவினால் குற்றம். 2022க்குப் பிறகு தண்டனையையும் கூட்டியிருக்கிறார்கள். ஹேர் எழுந்தால் திரும்பி வரும்படி நாயைப் பழக்குங்கள். ஸ்காட்லாந்து சட்டம் வேறு. 2023இல் வந்த சட்டத்தில் முயலையும் தடைக்குள் சேர்த்துவிட்டார்கள், இரண்டு நாய்க்கு மேல் கூடாது என்பது முதல் பல நிபந்தனைகள் உண்டு. எல்லை தாண்டிப் போகும் முன் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சிவகாசிப் பக்கம் சிப்பிப்பாறை வைத்திருக்கிறேன். ஒரு ஃபெரட் வரவழைத்தால் முயல் பிடிக்கலாமா?

வேண்டாம். நம் ஊர்க் காட்டு முயலை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது வளை தோண்டி வாழ்வதும் இல்லை, புல்லுக்குள் படுத்திருக்கும். ஃபெரட்டுக்கு அங்கே வேலையே கிடையாது. 30 டிகிரி வெயிலிலேயே சுருண்டுவிடுகிற பிராணியை அங்கே கொண்டுபோவது பாவம். சிப்பிப்பாறைக்குத் தினமும் நல்ல திறந்தவெளி ஓட்டம் கொடுங்கள்.

கண் வீங்கிக் கிடந்த முயலை நாய் பிடித்துவிட்டது. நாய்க்குத் தொற்றுமா?

தொற்றாது. அது மிக்ஸோமடோசிஸ். நாய்க்கும் ஃபெரட்டுக்கும் மனிதருக்கும் வராது. 1953இல் கென்ட் பகுதியில் தலைகாட்டி, ஓரிரு வருடங்களில் பிரிட்டன் முயல்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அழித்த நோய். இங்கே முக்கியமாக முயல் தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுகிறது. அப்படிப்பட்ட முயலைக் கண்டால் உடனே கொன்று துன்பத்தை முடித்துவிடுங்கள், சமையலுக்கு வேண்டாம். வீட்டில் வளர்ப்பு முயல் இருந்தால் அதற்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், தெள்ளு நாயின் மேலேறி வரும்.

நாய்க்கு நிஜமான தொல்லை முயலின் உள்ளுறுப்புகளிலிருந்து வருகிற நாடாப்புழு. அவற்றைப் பச்சையாகத் தின்னவிடாதீர்கள், நாடாப்புழுவுக்கான மருந்தைத் தவறாமல் கொடுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை. கோலி ரத்தம் கலந்த லர்ச்சர்களில் சிலவற்றுக்கு ஐவர்மெக்டின் போன்ற ஒட்டுண்ணி மருந்துகளைத் தாங்காத மரபணுக் கோளாறு உண்டு. அதற்கும் பரிசோதனை இருக்கிறது. கிரேஹவுண்ட் ரத்தம் உள்ளவை சில மயக்க மருந்துகளிலிருந்து மெதுவாகவே தெளியும். முள்கம்பியில் தோல் கிழிந்து தையல் போடப் போகும்போது, நாயின் கலப்பு என்ன என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்குக் காய்ச்சலும் சளியும். மறுநாளே ஃபெரட்டும் தும்முகிறது. தற்செயலா?

அநேகமாக உங்களிடமிருந்து போனதுதான். மனிதருக்கு வரும் இன்ஃப்ளுயன்ஸா ஃபெரட்டுக்கு அப்படியே தொற்றும். ஃப்ளூ ஆராய்ச்சிக் கூடங்களில் அதை வைத்திருப்பதே அதனால்தான். தேறும்வரை வேறு யாராவது தீனி போடட்டும். அது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கண்ணிலும் மூக்கிலும் சீழ் கட்டி, முகவாயில் தோல் தடித்தால் அது நாய் டிஸ்டெம்பராக இருக்கலாம். ஃபெரட்டுக்கு அது வந்தால் பிழைப்பதில்லை. அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து விவரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், மற்ற ஃபெரட்டுகளையும் தடுப்பூசி போடாத நாய்களையும் அதன் பக்கம் விடாதீர்கள்.