பப்புவா நியூ கினியின் மலைக்கிராமத்தில் ஊழியம் செய்யும் குடும்பத்துக்கு அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வியின் விவரத்தில், இரண்டு குழந்தைகளோடு ஒரு தம்பதி வேதாகம மொழிபெயர்ப்புப் பணிக்காக அங்கே போகிறார்கள் என்றும், "நாள் முழுக்கப் பிரசங்கமா, வேறு என்ன வேலை இருக்கும், எதற்குத் தயாராக வேண்டும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பிரசங்கம் மிகக் குறைவு. அந்த நாட்டு மக்களில் 95 சதவீதத்துக்கும் மேல் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். லுத்தரன் மிஷன் 1886இலேயே கடற்கரையில் கால் வைத்துவிட்டது. சுவிசேஷமே கேட்டிராத ஊர் என்ற எண்ணத்தோடு போனால் முதல் ஞாயிறே முழிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான ஊர்களில் சபையும் போதகரும் முன்பே இருப்பார்கள். இல்லாதது தாய்மொழி வேதம். எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது. பொதுமொழியான டோக் பிசினில் புதிய ஏற்பாடு 1969இலும் முழு வேதாகமம் 1989இலும் வந்தன. சந்தைக்கு டோக் பிசின் போதும். ஒப்பாரி வைக்கவும் சண்டை போடவும் 'டோக் பிளெஸ்', அதாவது ஊர்மொழிதான். மொழிபெயர்ப்பு வேலை அந்த மொழியில்.

அந்த வேலைக்கு உட்காருவதற்கு முன் பாதி நாள் வீட்டுக்கே போய்விடும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முதலில் தண்ணீர். தகரக் கூரையில் விழும் மழைநீர்தான் ஆதாரம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் கணக்குப்படி 600 லிட்டர், கைக்கு வருவது 500. நாலு பேர் ஆளுக்கு 40 லிட்டர் வீதம் செலவழித்தால் 9,000 லிட்டர் தொட்டி ஐம்பத்தைந்து நாள் சொச்சம் தாங்கும். சாதாரண ஆண்டில் தாராளம். 1997, 2015 போல, பசிபிக் கடல் சூடேறி மழை பொய்க்கும் எல் நினோ ஆண்டில் போதாது. அந்த இரண்டு முறையும் வறட்சியோடு உறைபனியும் சேர்ந்து மேட்டுநிலத்து சர்க்கரைவள்ளித் தோட்டங்களைக் கருக்கியது.

கூரையின் முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடக்கூடாது. பறவை எச்சம், அடுப்புக் கரி, பல்லிப் புழுக்கை எல்லாம் அதில்தான் வரும். கூரைக் குழாயிலிருந்து நாலு அங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகக் கீழே இறக்கி, அடியை மூடிவிடுவார்கள். அந்தக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பிடிக்கும். நாலு மீட்டர் இருந்தால் முதல் முப்பது லிட்டர் அழுக்கு அதில் தங்கி, பிறகு வருவது தொட்டிக்குப் போகும். மழை விட்டபின் குழாய் தானாகக் காலியாக அடிமூடியில் சின்ன ஓட்டை போட வேண்டும். கோளாறு அந்த ஓட்டையில்தான். இலைத்தூள் அடைத்துக்கொண்டால் குழாய் காலியாகாது, அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள். வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றி ஓட்டையைக் குத்திவிட வேண்டும். தண்ணீர் வரும் வாய்க்கு மட்டும் கொசுவலை கட்டிவிட்டு, நிரம்பி வழியும் குழாயைத் திறந்து விடுவது இன்னொரு வழக்கமான தவறு. கொசுவும் தவளையும் அந்த வழியாக உள்ளே போகும்.

1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். கிருமி சாக ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். ஆனால் பருப்பு வேகாது. பிரஷர் குக்கரும், கூடவே இரண்டு மூன்று கேஸ்கட்டும் பெட்டியில் இருக்கட்டும்.

அடுத்தது மின்சாரம், அதாவது சோலார் பேனலும் பேட்டரியும். ஒரு லேப்டாப் 40 வாட், ஐந்து மணி நேரம் என்றால் 200 வாட்-மணி. இரண்டு லேப்டாப், விளக்கு, ரேடியோ சேர்த்தால் நாளுக்கு 600 வாட்-மணிக்குப் பக்கத்தில் வரும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி தாளில் 1,200 காட்டும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக ஒரே ஒரு நாள் கணக்கு. மேட்டுநிலத்தில் மதியத்துக்கு மேல் மேகம் கட்டிக்கொள்ளும் என்பதால் காலை வெயிலை முழுசாகப் பிடிக்க வேண்டும். பேனலைச் சற்றே கிழக்குப் பார்த்துச் சாய்ப்பது நல்லது. பேனலின் ஒரு மூலையில் வாழை இலை நிழல் விழுந்தால்கூட உற்பத்தி படுத்துவிடும். பேட்டரி ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டுவது இன்னொரு தொல்லை; வயர் நுழையும் ஓட்டையை எல்லாம் அடைத்து வையுங்கள். லித்தியம் பேட்டரி எடை குறைவு, பாதிக்குக் கீழேயும் இறக்கலாம். ஆனால் விமானத்தில் அது அபாயச் சரக்கு. முன்கூட்டிச் சொல்லாமல் மூட்டைக்குள் வைத்தால் மூட்டையே நின்றுவிடும்.

விமானம் என்றதும் சொல்லிவிடுகிறேன்: தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மேட்டுநிலத்துக்குச் சாலையே கிடையாது. லே துறைமுகத்திலிருந்து வரும் நெடுஞ்சாலை கைனாந்து, கோரோகா, மவுண்ட் ஹேகன் வழியாகப் போகும். அதை விட்டு விலகிய ஊர்களுக்குச் சிறு விமானம் அல்லது நடை. மிஷன் பணிக்கான சிறு விமான அமைப்பான மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் அங்கே 1951 முதல் பறக்கிறது. மூட்டையை மட்டுமல்ல, உங்களையும் தராசில் ஏற்றி எடை போடுவார்கள், கூச்சப்படக்கூடாது. சரிவான புல்தரை ஓடுபாதையில் மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கி ஏறுவார்கள். அதிகாலையில் மூடுபனி, மதியம் மேகம். இடையில் கிடைப்பது சில மணி நேரம். விடியற்காலை ரேடியோ 'ஸ்கெட்'டில், அதாவது குறித்த நேரத்து ரேடியோ பேச்சில், விமானி கேட்பது மூன்று விஷயம்: மேகம் எந்த மலைக்கு மேலே நிற்கிறது, காற்று எப்படி, நேற்று இரவு மழையில் ஓடுபாதை ஊறியிருக்கிறதா. "நன்றாக இருக்கிறது" என்று மரியாதைக்குச் சொல்லிவிடாதீர்கள். குதிகாலால் தரையை மிதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

சந்தையில் சர்க்கரைவள்ளியும் கீரையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். கூறுக்கு ஒரு விலை. பேரம் பேசுவது அங்கே அசிங்கம். நம்மவர்களுக்கு இந்த ஒன்று பழகத்தான் நாளாகும்.

மலேரியா தாழ்நிலத்தில் அதிகம், மேட்டில் குறைவு. கடற்கரை போய்த் திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே சோதனைக் கிட்டில் பார்க்க வேண்டும். மலேரியா மருந்தான ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் மூன்று நாளில் ஆறு வேளை, கொழுப்புள்ள உணவோடு. வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து சரியாக ஏறாது. வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் பதுங்கி மறுபடி வரும். அதற்கான பிரைமாக்குவின் கொடுக்கும் முன் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், குறைபாடு இருந்தால் ரத்த அணுக்கள் சிதையும். உங்கள் வாசலுக்குப் புண்ணோடும் காய்ச்சலோடும் ஆள் வருவார்கள். கட்டுப் போடலாம். ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுக்கத் தொடங்கினால் பக்கத்து ஊர் அரசு மருந்தகத்துக்கு யாரும் போகமாட்டார்கள். நீங்கள் விடுப்பில் போனதும் ஊருக்கு இரண்டும் இருக்காது.

வாசலுக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது உப்பு, மண்வெட்டி, பள்ளிக் கட்டணம். இதைப் பிச்சை என்று நினைப்பது பெரிய தவறு. 'வான்டோக்', அதாவது ஒரே மொழி பேசும் உறவு, கொடுத்து வாங்கித்தான் நிற்கிறது. நம் மொய் நோட்டு போலத்தான். நோட்டு மட்டும் கிடையாது, எல்லாம் நினைவில். கொடுக்க மட்டும் செய்து எதையும் வாங்காதவரை ஊர் உறவாகவே கணக்கில் சேர்க்காது. அவர்கள் தரும் வாழைத்தாரை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் போய் எதையாவது கேளுங்கள். ரொக்கக் கடனுக்கு மட்டும் குடும்பமாக ஒரே விதி வைத்து, கணவன் ஒன்றும் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது. உட்கார்ந்திருப்பவரின் காலையோ சாப்பாட்டையோ பெண்கள் தாண்டிப் போகக்கூடாது என்பது பல ஊர்களில் கண்டிப்பு. இதைக் குழந்தைகளுக்கும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

இனி மொழிபெயர்ப்பு. இதில் தமிழருக்கு ஒரு அனுகூலம் உண்டு. மாற்கு 4:38இல் படகு மூழ்கும்போது சீஷர்கள் 'மடிந்துபோகிறோம்' என்று இயேசுவிடம் முறையிடுகையில், ஆங்கிலத்தில் 'we' என்ற ஒரே சொல் போதும். டோக் பிசினில் 'யூமி'யா 'மிப்பெலா'வா என்று தீர்மானிக்காமல் எழுதவே முடியாது. யூமி என்றால் நாம், மிப்பெலா என்றால் நாங்கள். இயேசுவும் சேர்ந்து மூழ்குவாரா, மாட்டாரா? தமிழ் வேதாகமத்தில் "நாங்கள்" என்று இருப்பதை நாம் யோசிக்காமலே வாசித்துவிடுகிறோம்.

மேட்டுநில மொழிகள் பலவற்றில் வினை கடைசியில் வரும், வினையெச்சங்கள் சங்கிலியாக நீளும். 'வந்து உட்கார்ந்தான்' என்றால் ஒரே ஆள். 'அவன் வர, நான் உட்கார்ந்தேன்' என்றால் ஆள் மாறுகிறது. இந்த வித்தியாசத்தை அந்த மொழிகள் இடையில் வரும் வினையின் விகுதியிலேயே காட்டிவிடும். மாற்கு 4இன் அடுத்த வசனத்தில் இயேசு காற்றை அதட்டுகிறார், காற்று அடங்குகிறது. 'அதட்டி' என்பதில் ஆள் மாறும் விகுதி விட்டுப்போனால், அதட்டியவரே அடங்கிப்போனார் என்று அர்த்தமாகிவிடும். சொல் ஒவ்வொன்றும் சரியாக இருக்க, கதை கவிழ்ந்துவிடும்.

புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய 7,950 வசனங்கள். நாளுக்கு 15 என்றால் 530 வேலைநாள்தானே என்று தோன்றும். பத்து, பதினைந்து வருடம் ஆவது சரிபார்ப்பினால். வரைவை ஊர்க்குழு திருத்தும்; பிறகு அதைப் பார்த்தே இராதவர்களிடம் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "யார் அதட்டினார்? யார் அடங்கியது?" என்று கேளுங்கள். அதன்பின் வரைவு வேலையில் இல்லாத ஒருவர் அதை டோக் பிசினுக்குத் திருப்பிச் சொல்ல, ஆலோசகர் அதை மூலத்தோடு ஒப்பிட்டு வசனம் வசனமாகக் குடைவார். ஊர்க்காரர் ஒருவர் இறந்தால் துக்க நாள் முடியும்வரை எதுவும் நடக்காது, நடத்தவும் கூடாது.

போகும் முன் எழுத்தில் முடிக்க வேண்டியது வீட்டு விஷயம். நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 97 சதவீதம் குலங்களின் வழக்குரிமை நிலம். உங்களுக்கு மனை சொந்தமாகாது, இருக்க அனுமதி கிடைக்கும். ஒருவர் மட்டும் தலையாட்டினால் போதாது. எல்லைத் தகராறு உள்ள பக்கத்துக் குலத்தையும் உட்கார வைத்துப் பேசுங்கள். நீங்கள் கிளம்பினபின் வீடு யாருக்கு, தொட்டியும் பேனலும் யாருக்கு என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி, சபையிலும் ஊர்க் கூட்டத்திலும் சத்தமாக வாசித்துவிடுங்கள்.