வாசகர் கேள்வி–பதில்: ஈரத்தில் கறுப்பு, காய்ந்தால் சாம்பல்

கேள்வி: அண்ணாச்சி, மாடியறையை இருட்டறையாக்கி ரெண்டு வருஷமாகக் கறுப்பு வெள்ளைப் படம் போடுகிறேன். இதுவரை ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) கிளாஸி, அதாவது பளபளப்பான பேப்பர்தான். இந்த முறை இல்ஃபோர்டு கம்பெனியின் எஃப்.பி. கிளாசிக் மேட் பெட்டி வாங்கினேன்; எஃப்.பி. என்றால் பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பர், மேட் என்றால் பளபளப்பில்லாதது. பத்மநாபபுரம் அரண்மனைப் படம் தட்டில் ஈரமாகக் கிடந்தபோது அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் காய்ந்தபின் பார்த்தால் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. டெவலப்பர் (படத்தைத் தெரியவைக்கிற ரசாயனம்) கெட்டுப்போச்சா, பேப்பர் பழசா?
– வாசகர், தக்கலை

பதில்: டெவலப்பரும் கெடவில்லை, பேப்பரும் பழசில்லை தம்பி. மேட் அப்படித்தான் காயும். ஈரமாக இருக்கும்போது மேலே படிந்திருக்கிற தண்ணீர்ப் படலம் அதைக் கிளாஸியாக்கிவிடுகிறது. தண்ணீர் போனதும் சொரசொரப்பான பரப்பு வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும், அதில் கொஞ்சம் எப்படியும் நம் கண்ணுக்கு வந்து கறுப்பை வெளிற வைத்துவிடும். கிளாஸி ஃபைபரில் கறுப்பின் அடர்த்தி (எண் கூடினால் கறுப்பும் கூடும்) சுமார் 2.1 வரை போகும், மேட்டில் 1.6, 1.7 வந்தாலே பெரிய விஷயம். டெவலப்பரில் இன்னும் ரெண்டு நிமிஷம் ஊறப்போட்டாலும் அதைத் தாண்டாது.

அதனால் பேப்பரைக் குறை சொல்வதற்கு முன் எந்த நெகட்டிவை அதில் போட்டோம் என்று பாருங்கள். அந்த அரண்மனை முழுக்க இருட்டு மரமும், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் கறுப்புத் தரையும்தான். அந்தப் பளபளப்பை மேட்டில் காட்ட முயன்று நானும் ஒரு பெட்டியைத் தொலைத்தவன்தான். அதே பேப்பரில் நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தைப் போட்டுப் பாருங்கள்: குவித்த உப்பு, பாத்தித் தண்ணீர், வெளிறின வானம், எல்லாமே நடுச்சாம்பலும் வெள்ளையும். கரிக்கோட்டில் வரைந்த மாதிரி அமைதியாக வரும். முட்டத்தில் விடியற்காலை மூட்டத்தோடு எடுத்த கடலும் அப்படித்தான்.

அரண்மனைக்கு ஃபைபர் கிளாஸியை வாங்கி (பெட்டியில் 1கே என்றால் கிளாஸி, 5கே என்றால் மேட்) வெறும் காற்றில் காயவிடுங்கள். ஆர்.சி. கிளாஸி மாதிரி கண்ணாடிப் பளபளப்பு வராது, முட்டை ஓட்டு மினுமினுப்புதான் இருக்கும், கறுப்பும் முழுசாகக் கிடைக்கும். கண்ணாடி போட்டுச் சட்டத்தில் மாட்டப் போகிறீர்கள் என்றால் மேட்டுக்குக் காசு செலவழிப்பதே வீண், எப்படியும் கண்ணாடி மின்னத்தான் போகிறது. கையில் வைத்துப் பார்க்கவும், மேலே பென்சிலாலோ வண்ணத்தாலோ வேலை செய்யவும்தான் மேட் சுகம். ஆனால் நகம் உரசினால் அந்த இடம் பளிச்சென்று தெரியும், ஜாக்கிரதை.

மிச்சமிருக்கும் தாள்களுக்கு ஒரு வழி. சோதனைத் துண்டை ஈரத்தோடு பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஹேர் டிரையரால் காயவைத்து அப்புறம் பாருங்கள். காய்ந்தால் வெள்ளைப் பகுதிகள் லேசாக இருளும், அதற்காகப் பேப்பருக்கு வெளிச்சம் காட்டும் 12 வினாடியை 11 ஆக்க வேண்டியிருக்கலாம். கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கிற ஃபில்டரில் அரை கிரேடு கூட்டினால் கறுப்புக்கும் கொஞ்சம் உயிர் வரும்.

கேள்வி: மழைக்காலத்தில் ஃபைபர் பேப்பரை எப்படிக் காயவைப்பது?
– வாசகர், குளச்சல்

பதில்: ரெண்டு தாளை முதுகோடு முதுகாகச் சேர்த்து, மூலைகளில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மெதுவாகத்தான் காயும், அதுவும் நல்லதுக்குத்தான், வறண்ட காற்றில் வேகமாகக் காய்ந்தால்தான் தாள் அதிகமாகச் சுருளும். அப்புறம் கனத்த புத்தகங்களுக்கு அடியில் ரெண்டு நாள். நமக்குப் பெரிய தொல்லை பூஞ்சைதான், படத்தின் மேல்பூச்சில் இருக்கிற ஜெலட்டினை அது விடாது. நன்றாகக் காய்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், அலமாரியில் சும்மா அடுக்கி வைக்காதீர்கள்.