தங்கை கல்யாண போட்டோவுக்கு டாப்-அப் லோன் வாங்கலாமா?

கேள்வி: தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். என் சம்பளம் 45,000 ரூபாய். நகைக்காக ஒன்றரை வருடம் முன்பு 14% வட்டியில் வாங்கிய 4 லட்சம் பர்சனல் லோனுக்கு (5 வருடம்) மாதம் 9,300 கட்டுகிறேன். போட்டோவுக்கு 80,000 ஒதுக்கியிருந்தேன். மாப்பிள்ளையின் அக்கா, தன் தோழி கல்யாணத்துக்கு எடுத்தவர்களேதான் வேண்டும் என்கிறார். கேண்டிட் (போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கும் படம்), சினிமாட்டிக் வீடியோ, ட்ரோன், அவுட்டோர் ஷூட் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம், ஜிஎஸ்டி தனி. வங்கியிலிருந்து டாப்-அப், அதாவது இருக்கிற கடனுக்கு மேல் கூடுதல் கடன், தருவதாக மெசேஜ் வந்திருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். போட்டோ செலவைவிட எனக்குக் கவலை தருவது, மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது ஒன்று கேட்டதுமே வங்கி மெசேஜைத் திறந்து பார்க்கும் உங்கள் பழக்கம். நகைக்கு ஒரு தடவை ஆயிற்று, இப்போது போட்டோ, அப்புறம் தலைதீபாவளி, வளைகாப்பு என்று வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் வங்கி மெசேஜ் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 18% ஜிஎஸ்டி 45,000 சேர்த்தால் மொத்தம் 2.95 லட்சம். உங்கள் 80,000 போக 2.15 லட்சம் வேண்டும். பழைய கடனில் இதுவரை ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள், ஆனாலும் அசல் பாக்கி இன்னும் சுமார் 3.08 லட்சம். டாப்-அப் என்றால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து 5.23 லட்சமாக்கி, மறுபடி முதலிலிருந்து 5 வருடம் ஓட்டுவார்கள். அதே 14% வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 12,200, மொத்தம் 7.3 லட்சம். பழைய கடனை மட்டும் கட்டி முடிக்க இன்னும் 3.9 லட்சம் போதும். அதாவது 2.15 லட்சத்துக்காக 3.4 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள், கைக்காசோடு சேர்த்தால் போட்டோவின் விலை 4.2 லட்சம். பிராசஸிங் கட்டணத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஸ்டுடியோக்காரர் கார்டில் இஎம்ஐ போட்டுத் தருகிறேன் என்றாலும், 'இப்போது கல்யாணம், பிறகு பணம்' என்று விளம்பரம் வந்தாலும் அதுவும் கடன்தான், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

80,000-க்குள் என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு டிரெடிஷனல் போட்டோ, ஒரு வீடியோ, காலையில் மட்டும் ஒரு கேண்டிட் ஆள். ட்ரோன், டீசர், அவுட்டோர் எதுவும் வேண்டாம். ஆல்பத்தையும் இப்போதே போட வேண்டியதில்லை, ஃபைல் கையில் இருந்தால் அடுத்த வருடம்கூட போட்டுக்கொள்ளலாம். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இன்ஸ்டாகிராமில் பொறுக்கிப் போட்ட இருபது படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், மண்டப வெளிச்சத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தின் முழு செட்டையும் காட்டச் சொல்லுங்கள். தை முகூர்த்த நாளில் ஒரே ஸ்டுடியோ இரண்டு மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டு வெளியாட்களை அனுப்புவது உண்டு, அதனால் யார் வருகிறார், எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள் படம் தருவார் என்று எழுதி வாங்குங்கள். பேசிய பணத்தில் கால் பங்கையாவது ஃபைல்கள் கைக்கு வந்த பிறகே கொடுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 காப்புரிமைச் சட்டப்படி காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் படத்தின் உரிமை. அதனால் ஸ்டுடியோக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் இதற்கு மாறாக ஏதாவது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளையின் அக்காவிடம் நீங்கள் நேரடியாக மல்லுக்கு நிற்க வேண்டாம். தங்கையிடம் இந்தக் கணக்கைக் காட்டி, அவரை மாப்பிள்ளையிடம் பேசச் சொல்லுங்கள்: முகூர்த்தத்துக்கு எங்கள் ஆள், வரவேற்புக்கு உங்களுக்குப் பிடித்த டீம், அந்தச் செலவு உங்களுடையது. இரண்டு வீட்டாரும் தனித்தனியாக போட்டோகிராபர் வைப்பது நம் ஊரில் புதிதும் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, இந்த வாரத்திலேயே பேசிவிடுங்கள்.