செஸ்ட் வேடர்ஸ்: விலைக்கு முன் கவட்டுத் தையலைப் பாருங்கள்

கேள்வி: ஆற்றிலும் குளத்திலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போடுகிறேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது இறங்குவேன். மலிவாக வாங்கிய பிவிசி செஸ்ட் வேடர்ஸ் (பாதம் முதல் மார்பு வரை மூடும் நீர்புகா உடுப்பு) ஒரே பருவத்தில் கவட்டில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. அதிகம் செலவழிக்காமல், சில வருடங்களாவது உழைக்கிற மாதிரி எதை வாங்கலாம்?

பதில்: ஒழுகிய இடமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. துணி தேய்ந்து பொத்தலாவது பெரும்பாலும் முழங்காலிலும் உட்காரும் இடத்திலும்தான். கவட்டில் ஒழுகினால் தையல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கால்களின் தையலும் முன்பின் தையலும் வந்து சேரும் இடம் அது. அளவு சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வேடர்ஸும் முதலில் அங்கேதான் போகும்.

கால் நீளம் குறைவாக இருந்தால், கரையேறக் காலைத் தூக்கும்போதெல்லாம் மொத்த இழுவையும் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. நீளம் அதிகமானாலும் தொல்லைதான்: தொடைகளுக்கு நடுவே துணி மடிந்து, நடக்க நடக்க உரசி, தையல் மேல் ஒட்டியிருக்கும் டேப்பை உரித்துவிடும். அதனால் உடுப்பு அளவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். மார்பு, வயிறு இரண்டில் எது அகலமோ அந்தச் சுற்றளவு, கவட்டிலிருந்து தரை வரையான உள்கால் நீளம், தடித்த காலுறை போட்ட பாதத்தின் நீளம் ஆகிய மூன்றையும் அளந்து, தயாரிப்பாளரின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பூட்ஸ் சேர்ந்தே வரும் மாடல்களில் பூட்ஸ் அளவை வைத்தே கால் நீளத்தையும் முடிவு செய்துவிடுவார்கள். பாதம் சிறிதாகவும் கால் நீளமாகவும் உள்ளவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

போட்டுப் பார்க்கும்போது தண்ணீரில் இறங்கும் நாளில் அணியும் அதே உடைகளோடு போடுங்கள். தோள்பட்டியைச் சரிசெய்து, முழுவதுமாகக் குந்தி உட்காருங்கள். பிறகு ஒரு காலை நாற்காலி மேல் வையுங்கள். கவட்டிலோ தோளிலோ இழுத்தால் அந்த அளவு வேண்டாம். குந்தி எழுந்த பிறகு தொடைகளுக்கு நடுவே துணி பையாகத் தொங்கினாலும் வேண்டாம்.

அடுத்து உள்பக்கத்தைப் புரட்டித் தையலைப் பாருங்கள். டேப் தையலின் இருபுறமும் சம அகலத்தில், குமிழி இல்லாமல், ஓரம் தூக்காமல் ஒட்டியிருக்க வேண்டும். நகத்தால் ஓரத்தை மெதுவாகக் கீறுங்கள். கிளம்பி வந்தால் சீக்கிரமே பிரிந்துவிடும். கவட்டில் தனியாக வெட்டிப் பொருத்திய துண்டு ஒன்று இருந்தால், தையல்கள் எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்காது, இழுவையும் பரவும். அந்தத் துண்டு இருக்கிற மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். முழங்காலில் இரட்டைத் துணி இருக்கிறதா என்றும் பாருங்கள். மார்புப் பை, கை நுழைத்துக்கொள்ளும் கம்பளி வைத்த பாக்கெட், பகட்டான பக்கிள் போன்றவற்றுக்குக் கொடுக்கும் பணம் உழைப்பைக் கூட்டாது.

எந்தப் பொருள் என்பது, நீங்கள் எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. வண்டியை நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கி, ஒரே இடத்தில் நின்று மீன் பிடிப்பவருக்கு, வெளியே நைலானும் உள்ளே பிவிசி பூச்சும் உள்ள, பூட்ஸ் சேர்ந்த வேடர்ஸ் போதும். வெறும் பிவிசியைவிட இது எடை குறைவு. மடிப்பில் சீக்கிரம் வெடிக்காது. நியோப்ரீன் எனும் நுரை ரப்பர் குளிர்ந்த நீருக்கானது. 3.5 மி.மீ. தடிமன் மிதமான குளிருக்கும், 5 மி.மீ. கடுங்குளிருக்கும் சரி. வெப்பமான நாளில் அதைப் போட்டு நடந்தால் வியர்வையில் நனைந்துவிடுவீர்கள்.

கரையோரமாக வெகுதூரம் நடப்பவர் என்றால், வியர்வை ஆவியை வெளியே விடும் ப்ரீத்தபிள் துணியில், பாதத்தில் நியோப்ரீன் காலுறை மட்டும் உள்ள மாடலை எடுத்து, பூட்ஸைத் தனியாக வாங்குங்கள். முதலில் செலவு கூடும். ஆனால் பூட்ஸ் தேய்ந்தால் பூட்ஸை மட்டும் மாற்றலாம். ப்ரீத்தபிளில் மிக மலிவானதைத் தொடாதீர்கள். பணத்தை வீணாக்கும் வழி அது. மேலிருந்து கீழ் வரை ஒரே மெல்லிய துணியில் தைத்திருப்பார்கள். இடுப்புக்குக் கீழே கூடுதல் அடுக்கு உள்ள நடுத்தர விலை மாடல் வாங்க முடியவில்லை என்றால், நல்ல நைலான்-பிவிசி ஒன்றே மேல்.

பூட்ஸின் அடிப்பாகத்தையும் பாருங்கள். ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) அடிப்பாகம் பாசி படிந்த பாறையில் நன்றாகப் பிடிக்கும், சேற்றில் வழுக்கும். அது ஈரத்தை வெகுநேரம் பிடித்துவைப்பதால் ஒரு நீர்நிலையின் பாசியும் நுண்ணுயிரும் இன்னொன்றுக்குப் போய்விடுகின்றன. நியூசிலாந்து 2008-இல் நன்னீர் மீன்பிடிப்பில் ஃபெல்ட்டைத் தடை செய்தது; வேறு சில இடங்களிலும் தடை உண்டு. சேறும் கல்லும் கலந்த இடத்துக்கு ஆழமான வரி உள்ள ரப்பர் அடிப்பாகமே பொதுவாக ஏற்றது.

வாங்கிய பின் ஆயுளைத் தீர்மானிப்பது காயவைக்கும் முறை. உள்ளே ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், டேப்பின் பசை இளகும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி முதலில் அதைக் காயவைத்து, பிறகு வெளிப்பக்கத்தைக் காயவையுங்கள். எல்லாம் நிழலில்தான். பூட்ஸ் சேர்ந்த மாடலைப் புரட்ட முடியாது. மேல்பாகத்தை மடக்கிவிட்டு, பூட்ஸுக்குள் காகிதத்தைத் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். சேமிக்கும்போது பூட்ஸைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மடித்து வைத்தால் அந்த மடிப்பிலேயே விரிசல் விடும். மோட்டார் ஓடும் அறையில் வைக்க வேண்டாம். அங்கு உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும்.

ஈரமாக இருக்கிறது என்றதும் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிவிசியில் வியர்வை உள்ளே படிந்தே கால்சட்டை நனையும். ஈரம் கால் முழுவதும் பரவலாக இருந்தால் அது வியர்வை. ஒரே இடத்தில் தொடங்கிக் கீழே வழிந்திருந்தால்தான் ஒழுகல். உள்ளே பருத்திக்குப் பதில் பாலியஸ்டர் அணிந்தால் பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

இடுப்பு பெல்ட் இல்லாமல் எந்த வேடர்ஸோடும் தண்ணீரில் இறங்காதீர்கள். வேடர்ஸுக்குள் புகுந்த நீர் ஆளைக் கீழே இழுக்காது. ஆனால் ஓட்டத்தில் படகின் பாய் விரித்தது போல இழுத்துக்கொண்டு போகும், கரையேறவும் விடாது. பெல்ட்டை வெளிப்பக்கம் இறுக்கிக் கட்டினால் கீழே இறங்கும் நீர் வெகுவாகக் குறையும். ஓடும் ஆற்றில் தொடையளவுக்கு மேல் போக வேண்டாம்.

பழைய வேடர்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். நன்றாகக் காயவைத்து, இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்தால் பொத்தல் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ப்ரீத்தபிள் துணி என்றால் புரட்டி உள்பக்கத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளிக்க வேண்டும். பொத்தல் உள்ள இடம் கருநிறப் புள்ளியாகக் காட்டும். உங்களுடையது பிவிசி என்பதால் வினைல் பசையும் பிவிசி ஒட்டும் வேண்டும். விட்டுப்போன டேப்பை வெட்டி எடுங்கள். அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும். கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. வரட்டும். ஒட்டியபின் மேலே கனமான பொருளை வைத்து ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு கால்களுக்குள்ளும் கவட்டுக்கு மேல் வரை தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் தொங்கவிட்டு, வெளியே கசிகிறதா என்று பாருங்கள். அளவு சரியில்லாத வேடர்ஸில் போட்ட ஒட்டும் நாளடைவில் விடும் என்பதால், இதை ஆழமில்லாத குளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.